மூன்றாவது படம்

என்னுடைய பற்கள் நேரானவை. வடிவான பல்வரிசை என்று யாராவது சொன்னால் ஒரு சிரிப்போடு கடந்துவிடுவேன். அது பிறவியில் வந்ததல்ல, அரசாங்கம் தந்தது. இரண்டரை வருடம் மாதாமாதம் கம்பியை முறுக்கி, ஒரு சதமும் வாங்காமல் ஆஸ்பத்திரியில் நேராக்கிவிட்ட பற்கள். அது எனக்குக் கிடைத்து என் தங்கைக்குக் கிடைக்காமல் போன கதையை வீட்டில் இன்றுவரைக்கும் ஒரு பகிடியாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நானும் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவேன். அதைச் சிரிப்பு என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்குப் பதினொன்று. கரவெட்டியில் அப்பா வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே சைக்கிளில் போய்வந்தோம், நான் மிதிக்க அவள் பின்னால் இருப்பாள். வருடத்தில் ஒருதரம் பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்கிற மிஸ் வருவார். அந்த முறை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னவர், எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு எழுதித் தந்தார். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், கம்பி போட்டுப் பல்லை நேராக்கலாமா என்று அங்கே பார்ப்பார்கள் என்றார்.

எனக்கு இருந்தது பெரிய குறை ஒன்றுமில்லை. மேல்வரிசையில் ஒரு வேட்டைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நின்றது, அவ்வளவுதான். அது அதிஷ்டம் என்றுகூட அயலட்டையில் சொல்வார்கள். தங்கைக்கு முன்பற்கள் இரண்டும் வெளியே வந்திருந்தன. சும்மா இருக்கும்போது அவளுக்கு உதடு மூடாது, மூடவேண்டுமென்றால் கீழுதட்டை இழுத்துப் பிடிக்கவேண்டும். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், அதற்குப் பிறகுதான் சிரிப்பாள்.

ரியூசன் கொட்டிலுக்கு வெளியே சைக்கிள் விடுகிற இடத்தில் பெரிய வகுப்புப் பெடியன்கள் சிலர் நிற்பார்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் திருவலை. தேங்காய் திருவுகிற பலகையில் இரும்பு நாக்கு முன்னுக்கு நீண்டு பல்லுப் பல்லாக நிற்குமே, அதுதான். அவள் சைக்கிளை விட்டு இறங்கினால் ஒருவன், "திருவலை, தேங்காய் கொண்டு வரட்டோ?" என்பான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அவர்களைத் திட்டியிருக்கலாம், மூத்தவள் நான்தானே. சைக்கிளைப் பூட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில் தங்கை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை அக்கா. அவ அழுவா."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கம்பி வேண்டும் என்ற ஆசை பல்லால் வந்ததல்ல. நல்லூரில் இருந்து எங்கள் ரியூசனுக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்திருந்தாள். அவள் வாயில் கம்பி இருந்தது. கம்பியில் நீல நிறத்தில் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். அவள் கதைக்கும்போது எல்லோரும் அவள் வாயையே பார்ப்பார்கள், ஆனால் அது வேறு மாதிரிப் பார்வை. அப்படி என்னையும் யாராவது பார்க்கவேண்டும் என்று எனக்கு அந்த வயதில் பைத்தியமே பிடித்திருந்தது.

கிளினிக்குக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் மாமா வந்தார். மாமா, அம்மாவின் தம்பி. ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ ஓடுகிறவர். நோயாளிகளை ஏற்றி இறக்கியே பாதி டொக்டர் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. தங்கை அந்நேரம் வீட்டில் இல்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே மாமா எனக்கு வகுப்பெடுத்தார்.

"எல்லாருக்கும் கம்பி போடமாட்டினம், தெரியுமோ? அளந்து பாப்பினம். மோசமெண்டால் நேரை எடுப்பினம், சின்னக் குறையெண்டால் வீட்டை போகச் சொல்லுவினம். நடுவிலை நிக்கிறவைக்குத்தான் படத்தட்டி காட்டுவினம். அதிலை பத்துப் பல்லுப் படம் இருக்கும். முதலாவது நல்ல பல்லு, போகப் போக மோசம். உன்ரை பல்லு எது மாதிரியெண்டு கேப்பினம். பின்பக்கமாக் கையைக் காட்டினால் கம்பி, முன்பக்கமாக் காட்டினால் வீடு."

கழுவி முடித்து, காலை உதறிவிட்டு இன்னும் ஒன்று சொன்னார். "ஒரு வீட்டிலை ரெண்டு பேருக்குக் குடுப்பினமோ தெரியேல்லை. குடுக்கமாட்டினம் எண்டுதான் நினைக்கிறன். சின்னவளுக்கு வடிவாச் சொல்லிக் குடு. அவளுக்குத்தான் கட்டாயம் வேணும்."

ஓம் என்றேன். அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். படுக்கையில் அவள் பக்கத்தில்தான் கிடந்தாள், கையை நீட்டினால் தொடலாம். நாளைக்குச் சொல்லலாம், பஸ்ஸில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அம்மாவுக்கு மாமாவின் பாடம் தெரியாது. கிளினிக் என்பதும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கப் போகிற மாதிரித்தான் அவவுக்கு. ஒழுங்கான பிள்ளைகளுக்குத்தான் இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்தா. விடிய எழுப்பி உப்புப் போட்டுப் பல் தேய்க்க வைத்தா. தலையை இறுக்கிப் பின்னி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா. பஸ்ஸில் வழிமுழுக்க ஒரே புத்திமதி.

"கேட்டால் வடிவா வாயைத் திறந்து கதையுங்கோ. மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கிறேல்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொல்லவேணும், விளங்கிச்சுதோ?"

குறை இருக்கிறது என்று காட்டத்தான் போகிறோம் என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. பாவம் அம்மா. வெளியாள் சுகமோ என்று கேட்டால் காய்ச்சலோடும் சுகம் என்று சொல்கிற ஆள் அவ.

கிளினிக்கில் நீண்ட வாங்கு. நம்பர் துண்டை வைத்துக்கொண்டு பத்து மணியில் இருந்து அதில் காத்திருந்தோம். தங்கை என் காதுக்குள் கேட்டாள்.

"அக்கா, உள்ளுக்கை என்ன கேப்பினம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

இதைவிடச் சுலபமான ஒரு நேரம் எனக்குக் கிடைத்திராது. இரண்டு வசனம் போதும். படத்தட்டி, பின்பக்கம். வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் ஒரு பெண், அன்பான முகம். என்னைச் சாய்கிற கதிரையில் இருத்தி, சின்னத் தகட்டுக் கோலால் பல்லை அளந்து எண்களைச் சொல்ல, நேர்ஸ் எழுதினா. அதன்பிறகு தங்கையையும் அளந்தா. அளந்து முடித்து அம்மாவைப் பார்த்தா.

"ரெண்டு பேரும் நடுவிலைதான் நிக்கினம், அம்மா. சின்னவவுக்குக் கொஞ்சம் கூட. எண்டாலும் அளவை மட்டும் பாத்தால் கட்டாயம் எண்டு எழுதேலாது. கனபேர் காத்துக்கொண்டு இருக்கினம். உப்பிடி நடுவிலை நிக்கிற பிள்ளையளிட்டை நாங்கள் அவையளையே கேட்டுத்தான் முடிவெடுக்கிறது."

மாமா சொன்ன படத்தட்டி வந்தது. பத்துப் படம், பத்து வாய். மூத்தவளை முதலில் கேட்டார்கள். நான் யோசிக்காமல் எட்டாவதில் விரலை வைத்தேன். பத்தாவதைக் காட்டினால் நம்பமாட்டார்கள் என்ற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது.

டொக்டர் படத்தைப் பார்த்தா, என் வாயைப் பார்த்தா. "எட்டோ? எனக்கு நாலு மாதிரித் தெரியுது. ஏன் பிள்ளை எட்டைக் காட்டினீர்?"

இதற்கு மாமா பதில் சொல்லித் தரவில்லை. கம்பி கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தது. அந்த நொடியில் என் வாயில் வந்தது தங்கையின் கதை. ரியூசனில் பெடியன்கள் என்னைத் திருவலை என்று கூப்பிடுகிறார்கள் என்றேன். தேங்காய் கொண்டு வரட்டோ என்று கேட்கிறார்கள் என்றேன். ஆட்கள் நிற்கும்போது நான் தண்ணீர் குடிப்பதில்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறேன் என்றேன். எல்லாம் அவளுடையது. அவள் எனக்கு ஒருநாளும் சொல்லாததை, நான் பக்கத்தில் இருந்து கண்டதைக்கூட ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல உண்மையாகவே அழுகை வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த அழுகையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேலே ஏறி நிற்கிற ஒற்றைப் பல்லுக்கும் திருவலைக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அழுகிற பிள்ளையை யார் திரும்ப அளப்பார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே பிள்ளை," என்று என் தலையைத் தடவினா. டொக்டர் பேனையை எடுத்து எழுதினா.

அடுத்தது தங்கை. கதிரையில் அவளுக்குக் கால் எட்டவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. படத்தட்டியைக் கையில் வாங்கி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூண்டு," என்றாள்.

"வடிவாப் பாரும். உமக்கு உதடு மூடக் கஷ்டமெல்லோ?"

"இல்லை மிஸ்."

"பள்ளிக்கூடத்திலை, ரியூசனிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"இல்லை மிஸ். நான் சந்தோசமாத்தான் இருக்கிறன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினா. இந்தப் பிள்ளையாவது சொல்லிக் கொடுத்தபடி வடிவாகக் கதைத்ததே என்ற ஆறுதல் அந்த முகத்தில் இருந்தது. பிள்ளைக்குத் தன்னுடைய பல் பிடித்திருக்கிறது, பிடிக்காத பிள்ளைக்கு நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை, மனம் மாறினால் அடுத்த வருடம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிட்டா.

வாசலில் மாமா ஓட்டோவோடு நின்றார். அம்மா நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எடியே, மூண்டாம் பிள்ளை எண்டு நினைச்சியோ? உது பள்ளிக்கூடம் இல்லையடி. அங்கை பின்னுக்கு நிக்கிறவைக்குத்தான் பரிசு."

தங்கை வகுப்பில் தவறாமல் மூன்றாம் பிள்ளையாக வருகிறவள். நான் முதல் பத்துக்குள் வந்தாலே வீட்டில் பாயசம். ஆகவே பகிடி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. டொக்டரை மிஸ் என்று கூப்பிட்டதும் அதற்குச் சாட்சியாகிவிட்டது. சிரித்து முடித்து மாமா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லிக் குடுக்கேல்லையோ இவளுக்கு?"

"சொன்னனான்," என்றேன். "அவள்தான் மறந்துபோட்டாள்."

தங்கை ஓட்டோவுக்குள் ஏறிக்கொண்டே சொன்னாள். "ஓம் மாமா, மறந்துபோனன்."

அவளுக்கு ஏன் என்னோடு சண்டை பிடிக்கத் தோன்றவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. தப்பினேன் என்றுதான் இருந்தது. பயந்த பிள்ளை, கதைக்கத் தெரியாத பிள்ளை என்று அவள்மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே இன்னொன்றும் நடந்தது. எங்கள் குசினியில் தேங்காய் திருவுவது நானும் தங்கையும் முறைவைத்துச் செய்கிற வேலை. அன்றைக்கு என்னுடைய முறை. திருவலையை எடுக்கப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டா. "நீ விடு பிள்ளை," என்றா. பிறகு தங்கையைப் பார்த்து, "இனிமேல் நீ திருவு. அக்காவைக் கேக்கிறேல்லை," என்றா. தங்கை திருவலையை இழுத்துப் போட்டு அதன் மேல் குந்தினாள். கீழுதட்டை இழுத்துப் பிடித்தபடி, ஒரு முழுத் தேங்காயையும் திருவினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் தேங்காய் திருவியதே இல்லை. அந்தச் சொல்லைக்கூட என் முன்னால் அம்மா சொல்லமாட்டா, "அந்தப் பலகை" என்றுதான் சொல்லுவா. புட்டுக்கும் சொதிக்கும் சம்பலுக்கும் எல்லாம் தங்கைதான்.

எனக்குக் கம்பி போட்டார்கள். நீல வளையம் கேட்டு வாங்கினேன். முதல் மாதம் வலியில் கஞ்சிதான் குடித்தேன், அந்தக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பாலும் அவள் திருவிப் பிழிந்ததுதான். ஒருமுறை கிளினிக் வாங்கில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பெடியன்கள் இருந்தார்கள். இரண்டு பேர் வாயிலும் கம்பி. நேர்ஸிடம் கேட்டேன், ஒரு வீட்டில் இரண்டு பேருக்குக் கொடுப்பீர்களோ என்று. "தேவையெண்டால் நாலு பேருக்கும் போடுவம், அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு அவ தன் வேலையைப் பார்த்தா. மாமா தெரியாமல் சொன்ன ஒரு வாய்க்கதையை நம்பித்தான் நான் அவளோடு போட்டிக்கு நின்றிருக்கிறேன். இரண்டு பேருக்குமே கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன், இந்த வருடம் போய்க் கேட்போம் வா என்று. அம்மாவும் கேட்டுப் பார்த்தா. அவள் திருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எனக்கென்ன குறை, நான் மூண்டாம் பிள்ளையெல்லோ," என்றாள். அம்மா சிரித்தா, அப்பா சிரித்தார். அடுத்த வருடமும் அதே பதில். பிறகு கிளினிக்கில் சேர்க்கிற வயது போய்விட்டது.

இப்போது தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள். போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டதால் நல்லூரில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன். படம் பிடிக்கிற பெடியன் நல்லவன், பொறுமைசாலி. "அக்கா, கொஞ்சம் பல்லுத் தெரியச் சிரியுங்கோவன்," என்று அவளிடம் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் அவள் கீழுதட்டை இழுத்துப் பிடித்தாள். கடைசியில் அவன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு நல்ல சிரிப்பு, அவவுக்கு ஒருக்காச் சிரிச்சுக் காட்டுங்கோ," என்றான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அன்று பின்னேரம் அவள் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் இருந்தேன்.

"இப்ப பெரியாக்களும் கம்பி போடுகினம். காசுக்குச் செய்யிற இடத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். வாவன்."

"இனி என்னத்துக்கு? பழகிப் போச்சு."

பன்னிரண்டு வருடமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "நீ ஏனடி அண்டைக்கு மூண்டைக் காட்டினனி?"

அவள் தேங்காய்ப் பாதியைத் திருப்பி வைத்தாள். கோபம் ஒன்றும் இல்லை முகத்தில்.

"நீ திருவலை எண்டு சொல்லிப்போட்டாய். நானும் அதைச் சொல்லியிருந்தால், அந்த டொக்டர் என்ரை வாயைப் பாத்திருப்பா, உன்ரை வாயைப் பாத்திருப்பா. அது ஆரின்ரை பேர் எண்டு தெரிஞ்சிருக்கும் தானே. அம்மாவும் பக்கத்திலை நிண்டவ." தேங்காய்ப்பூவை ஒதுக்கிவிட்டு, "சரி விடு, நீயும் அழுதனிதானே," என்றாள்.

அவளை எழுப்பிவிட்டு நான் திருவலையில் குந்தினேன். பழக்கம் விட்டுப்போன கை, சிரட்டை வழுக்கியது. அந்நேரம் அம்மா குசினிக்குள் வந்தா. என்னைக் கண்டதும் பதறிப்போனா.

"நீ ஏன் பிள்ளை உதிலை இருக்கிறாய்? எழும்பு, எழும்பு. சின்னவள் செய்வாள்."

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அம்மாவின் தோளுக்குப் பின்னால் தங்கை நின்றாள். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். பிறகு கையை வாய்க்குக் கொண்டுபோய், பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கால் எட்டாத கதிரையில் இருந்து அன்றைக்கும் அவள் இப்படித்தான் என்னைப் பார்த்தாள். என்னிடம் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். தருகிறாள் என்று தெரிந்திருந்தால், நிமிர்ந்தாவது பார்த்திருப்பேன்.